சென்னைக்குக் காரில் வந்து பார்க்கிங்குக்குப் பணத்தைக் கொட்டாமல் இருக்க

கேள்வி: திருச்சியிலிருந்து நாங்கள் நாலு பேர் காரில் சென்னை வருகிறோம். மூன்று நாள் தங்கல். அம்மாவுக்கு கிரீம்ஸ் ரோடு பக்கம் ஆஸ்பத்திரி, தங்கச்சி கல்யாணத்துக்கு தி.நகரில் ஜவுளி, முடிந்தால் மயிலாப்பூர் கோயில். போன தடவை எழும்பூரில் லாட்ஜ் போட்டோம். பார்க்கிங்குக்கு மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் போனது, அபராதம் 500 தனி. இந்தத் தடவை இதைத் தவிர்க்க வழி உண்டா?

பதில்:

உண்டு. அந்த இரண்டாயிரம் எப்படிப் போயிருக்கும் என்று முதலில் பார்த்துவிட்டால் வழி தானாகத் தெரியும். ஒரே இடத்தில் மொத்தமாக யாரும் அவ்வளவு வாங்குவதில்லை. லாட்ஜில் இடமில்லாமல் ராத்திரிக்கு வெளியே தனியார் பார்க்கிங், ஆஸ்பத்திரியில் நாலைந்து மணி நேரம், துணிக்கடையில் ஒரு தடவை, சாப்பிடப் போன இடத்தில் ஒரு தடவை என்று வண்டி நின்ற ஒவ்வொரு இடத்திலும் மீட்டர் புதிதாக ஓடத் தொடங்கியிருக்கும். பெரும்பாலான இடங்களில் ஒரு மணி ஐந்து நிமிடம் நின்றாலும் இரண்டு மணிக்குத்தான் பில் வரும். ஆகவே மணிக்கு எவ்வளவு என்பதைவிட, வண்டியை ஒரு நாளில் எத்தனை தடவை நிறுத்துகிறீர்கள் என்பதுதான் செலவை ஏற்றுகிறது. சென்னையில் காருக்கு ஒரே ஒரு நல்ல இடம் பிடித்து அங்கேயே தூங்க விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் ஊருக்குள் போய்வருவதுதான் மலிவு.

அதனால் முதல் முடிவு தங்கும் இடம். எழும்பூர், திருவல்லிக்கேணி, பெரியமேடு பக்கத்து லாட்ஜுகள் ரயிலில் வந்து இறங்குகிறவர்களை நம்பிக் கட்டியவை. அறை வாடகை குறைவாக இருக்கும், காருக்கு இடம் இருக்காது. உங்களுக்கு நான் சொல்வது கிண்டி, ஆலந்தூர், பரங்கிமலை வட்டாரம். திருச்சியிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் நேராக வந்தால் ஊரின் நெரிசலுக்குள் நுழைவதற்கு முன்பே இந்த இடம் வந்துவிடும். அதிலும் கிண்டிக்கு ஒரு தனி வசதி உண்டு. மெட்ரோ, புறநகர் மின்சார ரயில் இரண்டும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒன்று, தி.நகருக்கு மற்றொன்று.

அறை பதிவு செய்வதற்கு முன் இணையத்தில் 'பார்க்கிங் உண்டு' என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் அதற்கு அர்த்தம், வாசலில் தெருவோரம் விட்டுக்கொள்ளலாம் என்பதுதான். போன் போட்டு நேரடியாகக் கேளுங்கள்: கார் நிற்பது உங்கள் காம்பவுண்டுக்குள்ளா, தெருவிலா? மொத்தம் எத்தனை கார் நிற்கும், எத்தனை அறை? (இருபது அறைக்கு ஐந்து கார்தான் நிற்கும் என்றால், ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றால் உங்களுக்கு இடம் கிடைக்காது.) பார்க்கிங்குக்குத் தனிக் கட்டணமா? ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நிறுத்துவார்களா, அப்படியானால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா? காலி செய்த பிறகு சாயங்காலம் வரை வண்டி அங்கேயே நிற்கலாமா? கடைசிக் கேள்வியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கிளம்பும் நாளில்தான் அது தேவைப்படும். பதிலை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் வரவேற்பில் ஆள் மாறியிருந்தாலும் பேச்சு மாறாது. காம்பவுண்டுக்குள் இடமுள்ள அறைக்கு ஒரு நாளைக்கு 200, 300 ரூபாய் அதிகம் கேட்டாலும் கொடுத்துவிடலாம். அந்தப் பணம் பார்க்கிங்கில் திரும்பிவிடும்.

இனி போக்குவரத்து. கிரீம்ஸ் ரோட்டுக்குப் பக்கத்து மெட்ரோ நிலையம் ஆயிரம் விளக்கு. கிண்டியில் நீல வழித்தடத்தில் ஏறினால் சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, ஏஜி-டிஎம்எஸ், அடுத்தது ஆயிரம் விளக்கு. மாற வேண்டியதில்லை. மெட்ரோ நிலையங்களில் லிப்ட் இருப்பதால் அம்மா படி ஏற வேண்டியிருக்காது. ஆனால் எந்த வாசலில் லிப்ட் இருக்கிறது என்று பார்த்துப் போங்கள், எல்லா வாசலிலும் இருக்காது. இறங்கியபின் ஆஸ்பத்திரி வாசல் வரை ஆட்டோ.

கணக்கையும் ஒளிக்காமல் போட்டுவிடுவோம். மெட்ரோவில் கட்டணம் 10 ரூபாயில் தொடங்கி 50 வரை. இந்தத் தூரத்துக்கு ஒருவருக்கு 30. நாலு பேர் போய்வர 240. டிக்கெட்டை போனில் கியூஆராக எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி, ஆக 192. வாட்ஸ்அப்பில் 83000 86000 என்ற எண்ணுக்கு 'ஹாய்' அனுப்பினாலே டிக்கெட் எடுக்கலாம். ஆட்டோவையும் சேர்த்தால் 300, 350 ஆகும். காரில் போய் நாலு மணி நேரம் நிறுத்தினாலும் கிட்டத்தட்ட அதே செலவுதானே என்று தோன்றலாம். நாலு பேராகப் போகும்போது அது உண்மைதான். மெட்ரோ பெரிதாக மிச்சம் பிடிப்பது ஒருவர், இருவராகப் போகும்போது. அதனால் ஆஸ்பத்திரிக்கு நாலு பேரும் போக வேண்டுமா என்று யோசியுங்கள். அம்மாவோடு ஒருவர் போதும் என்றால் போய்வரத் தள்ளுபடி போக 96 ரூபாய்தான். மற்ற இருவர் அதே நேரத்தில் தி.நகர் வேலையைப் பார்க்கலாம்.

அம்மாவால் நடக்கவே முடியாது, ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் காலையிலேயே போக வேண்டும் என்றால் மெட்ரோவை விட்டுவிடுங்கள். அன்றைக்கும் சொந்தக் காரைவிட கால் டாக்சிதான் சரி. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு டாக்சி போய்விடும், நீங்கள் அம்மா பக்கத்திலேயே இருக்கலாம். சொந்தக் காரில் போனால் ஓட்டியவர் இடம் தேடித் தெருத் தெருவாகச் சுற்ற, அம்மா வரவேற்பில் தனியாக உட்கார்ந்திருப்பார். கிரீம்ஸ் ரோடும் அதன் சந்துகளும் குறுகல், ஆம்புலன்ஸ் வந்துபோகும் தெரு. அங்கே ஓரமாக விட்டால் அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம் வண்டியால் ஒரு நோயாளி தாமதமாகிவிடக்கூடாது. உள்நோயாளியாகச் சேர்க்கும்படி ஆனால், அட்மிஷன் மேஜையிலேயே உடனிருப்பவருக்குப் பார்க்கிங் பாஸ் அல்லது நாள் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் மணிக்கணக்கில்தான் போடுவார்கள்.

தி.நகருக்குக் காரில் போகவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். கிண்டியில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, அடுத்தது மாம்பலம். டிக்கெட் 5 ரூபாய். மாம்பலம் நிலையத்தை ஒட்டியே ரங்கநாதன் தெரு. அந்தக் கூட்டத்தில் அம்மாவை இறக்க வேண்டாம் என்றால், நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாலம் இருக்கிறது, 2023 மே மாதம் திறந்தது. கீழே கூட்டத்தில் இடிபடாமல் மேலாலேயே போய்விடலாம். ஜவுளி மூட்டையோடு திரும்பும்போது மட்டும் ஒரு டாக்சி பிடித்து நேரே கிண்டிக்கு வந்துவிடுங்கள். கல்யாண ஜவுளி என்றால் பெரிய கடைகளில் மொத்தத்தையும் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு, கடைசி நாள் காரில் வந்து ஏற்றிக்கொள்வதாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அப்படியும் காரோடுதான் போவோம் என்றால் ஒரே இடம், பாண்டிபஜாரை ஒட்டித் தணிகாசலம் ரோட்டில் இருக்கும் மாநகராட்சியின் அடுக்குமாடி பார்க்கிங். 222 காரும் 513 இருசக்கர வண்டியும் நிற்கும்படி கட்டியது. இது இயந்திரம் தூக்கி வைக்கும் வகை. சாதாரண பார்க்கிங் போல நினைத்துப் போனால் சிரமப்படுவீர்கள். வண்டியை ஒரு தட்டின்மேல் நிறுத்திவிட்டு நீங்கள் இறங்கிவிட வேண்டும், லிப்ட் அதைத் தூக்கி மேலே அடுக்கிவிடும். தட்டில் ஏற்றுவதற்கு முன்பே எல்லாரையும் இறக்கிவிடுங்கள். கண்ணாடிகளை மடக்குங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், பின்பக்கக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்து, குடை, குழந்தைக்குப் பால் என்று தேவையான எதையும் உள்ளே விடாதீர்கள், நடுவில் போய் எடுக்க முடியாது. பெரிய எஸ்யூவி என்றால் வரிசையில் நிற்பதற்கு முன்பே இறங்கிப் போய் உயரமும் நீளமும் ஒத்துவருமா என்று கேட்டுவிடுங்கள். மேலே கேரியர் கட்டியிருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். இன்னொன்று, வண்டியை ஒவ்வொன்றாகத்தான் இறக்க முடியும். கடை சாத்தும் நேரத்தில் எல்லாரும் ஒன்றாக வந்து டோக்கனை நீட்டினால் காத்திருப்பு நீளும், அந்த நேரத்துக்கும் கட்டணம் ஓடும். ஏழு மணிக்குள் எடுத்துவிடுவது நல்லது.

தெருவோரக் கட்டணத்தில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாநகராட்சியின் தெருவோர பார்க்கிங்கில் சில ஆண்டுகளாக இருந்த கட்டணம் காருக்கு மணிக்கு 20 ரூபாய், இருசக்கரத்துக்கு 5. பாண்டிபஜார் சாலையோரம் மட்டும் அதைப்போல மூன்று மடங்கு, 60, 15. வசூலை ஒப்பந்தத்துக்கு விடுவார்கள். 2025 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்தபோது, புதிய ஒப்பந்தம் வரும்வரை கட்டணமே வேண்டாம் என்று மாநகராட்சி அறிவித்தது. ஆக கட்டணம் மாறும், சில காலம் இல்லாமலும் போகும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. அந்த இடத்தில் மாநகராட்சி பெயரோடு கட்டணப் பலகை இருக்கிறதா? பணம் கேட்பவர் கையில் இயந்திரம் இருக்கிறதா, வண்டி எண்ணும் நேரமும் அச்சான ரசீது தருகிறாரா? இரண்டும் இல்லாமல் கையால் கிறுக்கிய டோக்கனோ, 'அம்பது ரூவா குடுங்க சார், நான் பாத்துக்கறேன்' என்ற பேச்சோ வந்தால் அது மாநகராட்சி வசூல் இல்லை. சண்டை போட வேண்டாம், வண்டியை அவர் பொறுப்பில் விட்டுவிட்டுத்தானே போகப் போகிறீர்கள். வேறு இடம் பாருங்கள், 1913 என்ற மாநகராட்சி எண்ணில் புகார் சொல்லுங்கள்.

வணிக வளாகத்தில் நிறுத்திவிட்டு வெளியே வேலையை முடித்து வரும் யோசனை சிலருக்கு இருக்கும். அது ஒரு மணி நேரத்துக்குத்தான் கட்டுப்படியாகும். பல வளாகங்களில் அடுத்தடுத்த மணிக்குக் கட்டணம் ஏறும், சனி ஞாயிறுக்குத் தனி விலை, டோக்கன் தொலைந்தால் தண்டம் தனி. நுழையும் இடத்துப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கனையும், நிறுத்திய தளத்தின் தூண் எண்ணையும் சேர்த்து எடுங்கள். தளம் மறந்து தேடுகிற இருபது நிமிடத்தில் அடுத்த மணி பிறந்துவிடும்.

மெட்ரோ நிலைய பார்க்கிங் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பகல் நேரத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு சென்னையில் இல்லை. ஆலந்தூர், கோயம்பேடு போன்ற நிலையங்களில் இடம் தாராளம். மெட்ரோவில் பயணம் செய்பவருக்குக் குறைந்த கட்டணம், நிறுத்திவிட்டு வேறு வேலையாகப் போகிறவருக்கு அதிகம். சிங்காரச் சென்னை அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் அதையே காட்டலாம். ஆனால் இது தினசரி வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கான இடம். மெட்ரோ காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை. மூன்று நாள் வண்டியை அங்கே போட்டுவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். ராத்திரி நிறுத்த அனுமதி உண்டா, அதற்கு எவ்வளவு என்பதை அந்த நிலையத்து வாடிக்கையாளர் கவுண்டரில் கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும். வேலைநாளில் காலை ஒன்பதரைக்குமேல் போனால் பெரிய நிலையத்திலும் இடம் நிரம்பியிருக்கக்கூடும். பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கோயம்பேடு தோது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தைப் பார்க்கலாம்.

மயிலாப்பூருக்கு மட்டும் காரை எடுங்கள், ஆனால் விடியலில். கபாலீசுவரர் கோயிலுக்குக் காலை ஆறு மணிக்குப் போனால் மாட வீதிகள் காலியாக இருக்கும், தரிசனமும் நிம்மதியாக நடக்கும். எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குமேல் பூக்கடை, காய்கறிக் கடை, பள்ளிக்கூட வண்டி எல்லாம் சேர்ந்து நகர முடியாது. லஸ் பக்கம் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையால் சாலை பல இடங்களில் குறுகியும் திருப்பிவிடப்பட்டும் இருக்கிறது. பழைய நினைவில், அங்கே ஒரு இடம் உண்டே என்று போய் ஏமாற வேண்டாம். பிரதோஷம், பங்குனித் திருவிழா நாட்களில் விடியலிலும் கார் வேண்டாம். கிண்டியிலிருந்து சைதாப்பேட்டை வழியாக ஆட்டோ போதும். அம்மாவும் தங்கையும் மாநகரின் சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறினால் டிக்கெட்டே கிடையாது, 2021 மே முதல் பெண்களுக்கு இலவசம்.

அபராதம். நோ பார்க்கிங்குக்கு முதல் தடவை 500, மறுபடி மாட்டினால் 1500. வண்டியைத் தூக்கிப் போயிருந்தால் அந்தக் கூலியும் சேரும். பேருந்து நிறுத்தம், சந்தி முனை, அண்ணா சாலை போன்ற முதன்மைச் சாலைகளின் ஓரம், அடுத்த வீட்டு கேட்டுக்கு எதிர், இவற்றில் 'அஞ்சே நிமிஷம்' என்று விட்டுப் போவதில்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருந்தால் நகர்த்தச் சொல்வார்கள், ஆள் இல்லாத வண்டிக்கு சலான் விழும். திரும்பி வந்து வண்டியைக் காணவில்லை என்றால் திருடு போனதென்று பதறாமல் 103க்குப் போன் செய்து வண்டி எண்ணைச் சொல்லுங்கள், அது போக்குவரத்துக் காவல் எண். சலான் விழுந்திருக்கிறதா என்று பரிவாகன் அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். 'உங்கள் வண்டிக்கு அபராதம், இதை இறக்கிப் பாருங்கள்' என்று வாட்ஸ்அப்பில் கோப்பு வந்தால் தொடவே வேண்டாம். வங்கிப் பணத்தைச் சுருட்டுகிற கும்பல் அனுப்புவது அது.

ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் லாட்ஜின் தரைக்கீழ் பார்க்கிங்கில் காரை ராத்திரி விடாதீர்கள், இலவசம் என்றாலும் வேண்டாம். மாநகரில் பல தெருக்களில் முழங்கால் தண்ணீர் சில மணி நேரத்தில் ஏறிவிடும், சரிவு வழியாக எல்லாம் கீழ்த்தளத்துக்குத்தான் இறங்கும். தண்ணீர் கதவின் அடிவரை ஏறி நின்ற வண்டியை, வடிந்த பிறகும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், சாவியைத் திருப்பியதும் பிஸ்டன் அந்தத் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது, அதனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செலவு பல ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தொடும். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருக்காவிட்டால், தண்ணீர் புகுந்தது தெரிந்தும் ஸ்டார்ட் செய்தார் என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டி வைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு யோசனை. திருச்சியிலிருந்து சென்னை 330 கிலோமீட்டர் சுமார். லிட்டருக்கு 15 ஓடினால் ஒரு வழிக்கு 22 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் போய்வர 4400, டோல் தனி. அம்மாவுக்காகவும் ஜவுளிக்காகவும் கார் வேண்டுமென்றால் சரி. ஆஸ்பத்திரி மட்டும்தான் என்றால் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கலாம், பார்க்கிங் என்ற பேச்சே வராது. அப்போது எழும்பூர் லாட்ஜும் சரியான இடமாகிவிடும்.

காரில்தான் என்றால் புறப்படும் நேரத்தையும் பாருங்கள். ஞாயிறு சாயங்காலம் சென்னைக்குள் நுழையாதீர்கள். விடுமுறை முடிந்து திரும்புகிற வண்டிகளால் பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் தாண்டும்வரை ஊர்ந்துதான் வர வேண்டும். திங்கள் வேலை என்றால் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குள் கிண்டி வந்து சேருங்கள். திரும்பும் நாளில் அறையைக் காலி செய்துவிட்டு, காரை லாட்ஜ் காம்பவுண்டிலேயே விட்டுவிட்டு, மிச்ச வேலையை ரயிலில் போய் முடித்து வாருங்கள். கட்டி வைக்கச் சொன்ன ஜவுளி இருந்தால் காலை பத்தரை மணிக்கு, கடை திறந்ததும் கூட்டம் சேர்வதற்கு முன், ஒருவர் காரிலேயே உட்கார்ந்திருக்க இன்னொருவர் இறங்கி வாங்கி ஏற்றிக்கொண்டால் அங்கேயும் பார்க்கிங் சீட்டு வாங்க வேண்டியிருக்காது.